இணையப் பக்கங்களுக்கிடையே ஒரு தூது

தூது என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூதின் இலக்கணத்தைக் கூறுகிறது. சிற்றிலக்கிய வகைகளுள் தூதும் ஒன்று. அன்னம், மயில், கிளி, மேகம், குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூது செல்வன பல. தூதுக்குரிய அடிப்படை இலக்கணம் மூன்றாகும்: சொல்லியதைச் சொல்லியவாறே சொல்லுதல், உரியவரிடம் மட்டும் சொல்லுதல், உரிய காலத்தில் சொல்லுதல். இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் தூது பழுதுபடும்.

இன்று நாம் கட்டணம் செலுத்தவும், விண்ணப்பம் அனுப்பவும், தேர்வு முடிவு அறியவும் பயன்படுத்தும் இணையச் செயலிகளுக்குள்ளும் இத்தகைய தூது ஒன்று இடையறாது நடைபெறுகிறது. ஒரு பக்கத்தில் நிகழ்ந்ததை அடுத்த பக்கத்திற்கு எடுத்துச் சென்று, பயனாளரிடம் ஒரே ஒருமுறை கூறிவிட்டு மறைந்துபோகும் சிறு செய்தி அது. கணிப்பொறித் துறையினர் அதனை 'ஃபிளாஷ் செய்தி' என்பர். 2020ஆம் ஆண்டு இறுதியில் ஆதரவு நிறுத்தப்பட்ட அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் மென்பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இக்கட்டுரையில் இதனை 'ஒருமுறைச் செய்தி' என்றே குறிப்போம். இது எவ்வாறு இயங்குகிறது, எங்கெங்குப் பழுதுபடுகிறது, தமிழ் கற்றோர்க்கு இதில் என்ன பணி உண்டு என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாணவியின் ஐயம்

மாணவி ஒருவர் தேர்வுக் கட்டணம் செலுத்துகிறார் எனக் கொள்வோம். தொகை ரூ.1,500. தந்தையார் வெளியூரில் உழைத்து அனுப்பிய பணம். படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறார். திரை ஒருகணம் வெண்மையாகிறது. பின்னர்த் தொடக்கத்தில் கண்ட அதே பக்கம் மீண்டும் வருகிறது. பணம் சென்றதா, இல்லையா? எச்செய்தியும் இல்லை. கடைசி நாள் என்பதால் அஞ்சி, மீண்டும் ஒருமுறை அழுத்துகிறார். இப்பொழுது கணக்கிலிருந்து ரூ.3,000 கழிந்துவிடுகிறது.

இவ்வாறு இருமுறை கட்டிவிட்டுக் கையில் வங்கிக் குறுஞ்செய்தியுடன் அலுவலக வாயிலில் நிற்கும் மாணவர்களைக் கண்டவர் நம்மில் பலர் இருப்பர். பணம் திரும்பக் கிடைக்கலாம். ஆயினும் அதற்குச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். அந்த இடைவெளியில் அக்குடும்பம் படும் இடர் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. 'தங்கள் கட்டணம் பெறப்பட்டது' என்னும் மூன்று சொற்கள் உரிய பக்கத்தில் தோன்றியிருப்பின் இத்துன்பம் நேர்ந்திராது. அம்மூன்று சொற்களைத் தோன்றச் செய்வது ஏன் எளிதன்று என்பதே நாம் முதலில் அறிய வேண்டுவது.

மறதியை இயல்பாகக் கொண்ட நெறிமுறை

உலகளாவிய வலையை டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் 1989ஆம் ஆண்டில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்தார். வலைப்பக்கங்களைக் கேட்டுப் பெறுவதற்கான நெறிமுறை எச்.டி.டி.பி. எனப்படும். இந்நெறிமுறையின் சிறப்பியல்பு யாதெனில், இதற்கு நினைவு இல்லை என்பதாகும். நமது கணிப்பொறியிலுள்ள உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது. தொலைவிலுள்ள வழங்கி அதனை அனுப்புகிறது. அத்துடன் அப்பேச்சு முடிந்தது. அடுத்த நொடியே அதே உலாவி வேறொரு பக்கத்தைக் கேட்டாலும், முன்னர் வந்தவர் இவரே என்பதை நெறிமுறை தானாக அறியாது. நூலகத்தில் ஒவ்வொரு முறையும் புதிய அலுவலர் ஒருவர் அமர்ந்து, முன் நடந்தது எதுவும் அறியாமல் நூல் எடுத்துத் தருவதைப் போன்றது இது.

இந்த மறதி குறைபாடன்று. எவரையும் நினைவில் வைத்திருக்க வேண்டாத காரணத்தால்தான் ஒரே வழங்கி எண்ணற்றோர்க்கு எளிதாகப் பணிசெய்ய முடிகிறது. ஆனால் வணிகமும் கல்வி நிருவாகமும் வலைக்கு வந்தபோது நினைவு தேவைப்பட்டது. 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்டூலி என்பார் 'குக்கி' என்னும் முறையை அமைத்தார். வழங்கி ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் கொடுத்துவைக்கும். உலாவி அடுத்த முறை வரும்போது அக்குறிப்பைத் திரும்பக் காட்டும். மருத்துவமனையில் கொடுக்கும் சீட்டைப் போன்றது இது. சீட்டில் எண் மட்டும் இருந்தால் போதும். நோயாளியின் விவரங்கள் மருத்துவமனைக் கோப்பில் இருக்கும். அவ்வாறு வழங்கியிடம் இருக்கும் கோப்பினை 'அமர்வு' என்பர்.

செலுத்துதல், திருப்புதல், பெறுதல்

உலாவி அனுப்பும் கோரிக்கைகளுள் இருவகை இங்கு முதன்மையானவை. பக்கத்தைக் காட்டுமாறு கேட்பது 'கெட்' எனப்படும். இதனை எத்தனை முறை செய்தாலும் தீங்கில்லை. படிவத்தை ஒப்படைப்பது 'போஸ்ட்' எனப்படும். இது நிலையை மாற்றுவது. கட்டணம் செலுத்துவதும் விண்ணப்பம் பதிவதும் போஸ்ட் வகையைச் சார்ந்தவை.

போஸ்ட் கோரிக்கைக்கு விடையாகவே 'பெறப்பட்டது' என்னும் பக்கத்தை வழங்கி நேராக அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அவ்வாறு செய்தால் ஓர் இடர் உண்டு. பயனாளர் அப்பக்கத்தைப் புதுப்பித்தால், உலாவி அதே படிவத்தை மீண்டும் அனுப்ப முற்படும். 'படிவத்தை மறுபடியும் அனுப்பவா?' என்று உலாவி கேட்கும் எச்சரிக்கையைப் பலர் கண்டிருப்பர்; பொருள் விளங்காமல் 'ஆம்' என்று அழுத்தியோரும் உளர்.

இதற்குத் தீர்வாகப் பழக்கத்தில் உள்ள முறை மூன்று படிகளை உடையது. முதற்படியில் உலாவி படிவத்தைச் செலுத்துகிறது. இரண்டாம் படியில் வழங்கி வேலையை முடித்துவிட்டு, பக்கம் எதனையும் அனுப்பாமல், 'இன்ன முகவரிக்குச் செல்க' என்று திசைமாற்று ஆணை மட்டும் தருகிறது. இதற்கென்றே 303 என்னும் விடைக்குறி 1997இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 வரையறையில் சேர்க்கப்பட்டது. மூன்றாம் படியில் உலாவி அப்புதிய முகவரியை கெட் முறையில் கேட்டுப் பெறுகிறது. இனி எத்தனை முறை புதுப்பித்தாலும் பக்கம் மட்டுமே மீண்டும் வரும். படிவம் மீண்டும் செல்லாது.

ஒரு சிக்கல் தீர்ந்தது. அதனாலேயே மற்றொன்று பிறந்தது. கட்டணம் பெறப்பட்டதை அறிந்தது முதற்கோரிக்கை. பயனாளர் காண்பதோ மூன்றாம் படியில் வரும் பக்கம். முன்னர்க் கூறிய மறதியின் காரணமாக, முதலில் நடந்தது பின்னதற்குத் தெரியாது. இவ்விடைவெளியைக் கடக்கவே தூது தேவைப்படுகிறது.

செய்தி தங்கும் இடங்கள்

இச்செய்தியை எடுத்துச் செல்ல மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பக்க முகவரியின் இறுதியிலேயே செய்தியை எழுதி அனுப்புதல். இது எளிது, ஆயினும் ஏற்கத்தக்கதன்று. அம்முகவரியைச் சேமித்து மறுநாள் திறந்தாலும் 'கட்டணம் பெறப்பட்டது' என்றே காட்டும். தீயோர் ஒருவர் தாமே ஒரு செய்தியை முகவரியில் எழுதிப் பிறருக்கு அனுப்பினால், நிறுவனத்தின் பக்கத்திலேயே அப்பொய்ச் செய்தி தோன்றும். செய்தியைத் தூய்மைப்படுத்தாமல் அப்படியே பக்கத்தில் பதித்தால், தீய நிரல் உட்புகவும் வழியுண்டு.

இரண்டாவது, குக்கியில் வைத்து அனுப்புதல். குக்கி பயனாளரின் கணிப்பொறியில் இருப்பதால் அதனை அவர் மாற்ற இயலும். எனவே வழங்கி அதில் ஒரு மறையொப்பத்தை இடுகிறது. செய்தி திருத்தப்பட்டால் ஒப்பம் பொருந்தாது. கொள்ளளவு குறைவு என்பது இதன் குறை. ஒரு குக்கி ஏறத்தாழ 4,096 பைட்டுகளே கொள்ளும்.

மூன்றாவது, வழங்கியிலுள்ள அமர்வுக் கோப்பில் எழுதிவைத்தல். அடுத்த பக்கம் உருவாகும்போது அதனைப் படித்துக் காட்டிவிட்டு அழித்துவிடுதல். பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை இது.

இன்றைய மென்பொருட் சட்டகங்கள் இவ்வசதியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸில் 'ஃபிளாஷ்' என்றும், மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட்நெட் எம்.வி.சி.யில் 'டெம்ப் டேட்டா' என்றும் இதற்குப் பெயர். ஜாங்கோ என்னும் சட்டகத்தில் 2010இல் வந்த 1.2ஆம் பதிப்பு முதல் தனியொரு செய்திப் பகுதியே உண்டு. ஜாங்கோ முதலில் குக்கியில் வைக்க முயன்று, இடம் போதாவிடின் எஞ்சியதை அமர்வில் வைக்கும். செய்திகளை ஆய்வுக்குறிப்பு 10, தகவல் 20, வெற்றி 25, எச்சரிக்கை 30, பிழை 40 என்று ஐந்து நிலைகளாக அது வகுத்துள்ளது.

எப்பொழுது மறைய வேண்டும்?

ஒருமுறை என்பதற்கு எது எல்லை என்பதில் இரு கொள்கைகள் உள்ளன. அடுத்த கோரிக்கைக்கு மட்டும் உரியது. அது முடிந்ததும் காட்டப்பட்டாலும் காட்டப்படாவிட்டாலும் மறையும் என்பது ரெயில்ஸின் கொள்கை. எவரேனும் எடுத்துக் காட்டிய பின்னரே மறையும். அதுவரை காத்திருக்கும் என்பது ஜாங்கோவின் கொள்கை.

இரண்டிலும் நன்மையும் தீமையும் உண்டு. முதற்கொள்கையில், ஒரு திசைமாற்றத்தைத் தொடர்ந்து மற்றொரு திசைமாற்றம் நிகழ்ந்தால் செய்தி வழியிலேயே அழிந்துபோகும். நம் மாணவி கண்ட வெற்றுப் பக்கத்திற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இதனைத் தவிர்க்க, 'இன்னும் ஒரு முறைக்கு வைத்திரு' என்று நிரலர் தனியே ஆணையிட வேண்டும். இரண்டாம் கொள்கையில், செய்தியைக் காட்டும் பகுதி இல்லாத பக்கங்களை எல்லாம் கடந்து, தொடர்பில்லாத வேறொரு பக்கத்தில் காலந்தாழ்ந்து செய்தி தோன்றக்கூடும். விடுதிக் கணக்கைப் பார்க்கும்போது 'நீக்கப்பட்டது' என்று தோன்றினால் எது நீக்கப்பட்டதென்று பயனாளர் திகைப்பார் அல்லவா?

வேறு சில பழுதுகளும் உண்டு. ஒரே உலாவியில் இரு சாளரங்களைத் திறந்து வைத்திருப்போர் பலர். ஒன்றில் எழுந்த செய்தியை மற்றொன்று முந்திக்கொண்டு எடுத்துக் காட்டிவிடலாம். இவ்விடரைக் குறைக்க, ஜாவா மொழிக்குரிய ஸ்பிரிங் சட்டகம் செய்தியோடு அது சேர வேண்டிய பக்கத்தின் முகவரியையும் பொறித்து வைக்க இடம் தருகிறது. கடித உறையின் மீது முகவரி எழுதுவது போன்றதே இது. மேலும், விரைவுக்காகப் பக்கங்களைப் படியெடுத்து வைத்திருக்கும் இடைநிலை வழங்கிகள் உண்டு. செய்தியோடு கூடிய பக்கத்தை அவை படியெடுத்துவிட்டால் ஒருவருக்கு உரிய செய்தியைப் பிறர் காண நேரும். ஆகவே, அத்தகைய பக்கங்களைப் படியெடுக்கலாகாது என்று குறிப்பிட்டு அனுப்புதல் வேண்டும்.

தமிழில் எழுதினால்

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் இடம்பெறுவதற்குரிய காரணம் இனி வருகிறது. 'தங்கள் கட்டணம் பெறப்பட்டது' என்னும் தொடரில் நம் இலக்கண முறைப்படி எழுத்துகள் 16. யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அவை 24 குறியீடுகள் ஆகின்றன. யு.டி.எஃப்-8 என்னும் வழக்கமான முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் 3 பைட்டுகள் தேவை. ஆக 72 பைட்டுகள். சொற்களுக்கிடையே உள்ள இரண்டு இடைவெளிகளையும் சேர்த்தால் 74.

குக்கிக்குள் தமிழெழுத்துகளை நேராக இடுவது முறையன்று. அவற்றை விழுக்காட்டுக் குறிமுறையில் மாற்றி இடுவது வழக்கம். அம்முறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக விரியும். எனவே 24 தமிழ்க் குறியீடுகள் 216 குறிகளாகும். இடைவெளிகளுக்கு 6 சேர்ந்து மொத்தம் 222. 16 எழுத்துகளுக்கு 222 இடம்! நீண்ட தமிழ் விளக்கங்கள் நான்கைந்து சேர்ந்தால் குக்கியின் எல்லை நெருங்கிவிடும். எல்லை மீறிய குக்கியை உலாவி ஏற்காமல் விடலாம். அப்பொழுது பிழைச்செய்தியும் வாராது. செய்தி காணாமற்போனது மட்டுமே மிஞ்சும். ஆங்கிலத்தில் சோதித்தபோது நன்கு இயங்கிய செயலி தமிழில் மட்டும் தடுமாறுவதற்கு இஃதொரு காரணமாகலாம்.

தீர்வு எளியது. செய்தியையே தூக்கிச் செல்லாமல் செய்தியின் எண்ணை மட்டும் எடுத்துச் செல்லுதல் வேண்டும். 'செய்தி 12' என்று குக்கி கொண்டு செல்லட்டும். 12 என்பதன் தமிழ் வடிவம் வழங்கியிலுள்ள பட்டியலில் இருக்கட்டும். இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. எல்லாச் செய்திகளும் ஒரே பட்டியலில் அமைவதால், தமிழறிந்த ஒருவர் அவற்றை ஒருசேரப் படித்துத் திருத்த இயலும்.

சொல்லில் வேண்டும் கவனம்

அவ்வாறு திருத்த வேண்டிய தேவை பெரிது. 'சமர்ப்பிக்கப்பட்டது', 'பெறப்பட்டது', 'ஏற்கப்பட்டது' என்னும் மூன்றும் பொருளால் வேறுபட்டவை. விண்ணப்பம் அனுப்பப்பட்டுவிட்டது என்பது முதலாவது. அது கைக்கு வந்து சேர்ந்தது என்பது இரண்டாவது. ஆராய்ந்து ஒப்புக்கொள்ளப்பட்டது என்பது மூன்றாவது. பணம் இன்னும் வந்து சேராத நிலையில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பொதுப்படக் கூறினால், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் கட்டணம் முடிந்தது என்றே நம்புவர். கடைசி நாள் கடந்த பின்னரே உண்மை தெரியவரும். ஒரு சொல்லின் பிழையால் ஓராண்டு வீணாகக்கூடும்.

'பிழை ஏற்பட்டது' என்னும் செய்தி அதனினும் கொடிது. எதில் பிழை? பணம் எடுக்கப்பட்டதா? மீண்டும் முயலலாமா? இம்மூன்று வினாக்களுக்கும் அதில் விடையில்லை. வினாவுக்கேற்ற விடை அமைதல் வேண்டும் என்பதனைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கிளவியாக்கத்தில் பேசுகிறது. அந்த இலக்கண அறிவு இங்குப் பயன்பட வேண்டும். 'கட்டணம் செலுத்தப்படவில்லை. தங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படவில்லை. மீண்டும் முயலலாம்' என்று எழுதினால் பயனாளரின் அச்சம் அகலும். இதனை எழுத நிரலாக்க அறிவு தேவையில்லை. பொருளறிந்து சொல்லும் தமிழறிவே தேவை.

காணாதவர்க்கும் செய்தி

திரையைக் காண இயலாதோர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் பக்கங்களைச் செவிவழி அறிகின்றனர். பச்சை வண்ணப் பட்டையில் ஒரு செய்தி மேலே தோன்றினால் அஃது அவர்க்குத் தெரியாமலே போகலாம். 2018இல் வெளிவந்த வலை அணுகுதன்மை வழிகாட்டி நெறிகளின் 2.1ஆம் பதிப்பு, இத்தகைய நிலைச்செய்திகளைத் துணைக்கருவிகளும் அறியுமாறு குறியிட்டு வைக்க வேண்டும் என 4.1.3ஆம் விதியில் கூறுகிறது. பக்கம் திறக்கும்போதே இடம்பெற்றுவிட்ட செய்தியைத் திரைபடிப்பான் தனியே எடுத்துரைக்காமல் விடுவதும் உண்டு. ஆகவே, பக்கத் தலைப்பிலேயே அதனைச் சேர்ப்பதும், குவியத்தை அச்செய்தியின்மீது வைப்பதும் நல்ல பழக்கங்கள். நான்கைந்து நொடிகளில் தானே மறையும் செய்திகள், மெல்லப் படிக்கும் முதியோர்க்கும் இடர் தருவன. இன்றியமையாச் செய்தியைப் பயனாளரே நீக்கும்வரை வைத்திருத்தல் நன்று.

தூதின் எல்லை

இவ்வளவு கூறிய பின்னர் ஒன்றை வலியுறுத்த வேண்டும். ஒருமுறைச் செய்தி என்பது அறிவிப்பே அன்றிச் சான்று அன்று. மின்சாரம் நின்றாலோ, இணைப்பு அறுந்தாலோ அது சேராமற்போகும். ஆகவே, கட்டணம் போன்றவற்றிற்கு நிலையான பற்றுச்சீட்டுப் பக்கமும், நிலையறியும் வசதியும் தனியே இருத்தல் வேண்டும். மூன்று படி முறையும்கூடப் பக்கத்தைப் புதுப்பிப்பதால் வரும் இரட்டிப்பையே தடுக்கும். பொத்தானை இருமுறை அழுத்துவதையோ, முன்பக்கம் சென்று மீண்டும் அனுப்புவதையோ அது தடுக்காது. ஒவ்வொரு படிவத்திற்கும் தனியெண் ஒன்றைக் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் புதிதாகப் பணம் பெறாமல் முன்னைய விடையையே தருமாறு வழங்கியை அமைத்தல் வேண்டும். நம் மாணவியின் ரூ.1,500ஐக் காப்பது உண்மையில் அந்தத் தனியெண்ணே. அவருடைய மன அமைதியைக் காப்பது ஒருமுறைச் செய்தி.

மற்றொன்று, கணக்கேட்டில் பதிவு உறுதியான பின்னரே 'பெறப்பட்டது' என்னும் செய்தியை எழுதிவைக்க வேண்டும். விரைவு கருதி முன்கூட்டியே எழுதிவைத்து, பின்னர்ப் பதிவு தவறினால் அச்செய்தி பொய்ச்சான்றாகிவிடும்.

நிறைவுரை

ஒருவர் நம்பி ஒப்படைத்ததை உரியவரிடம் குறையாமல் சேர்ப்பதனை நம் சமுதாயப் பெரியோர் அமானிதம் என்பர். பொருள் மட்டுமன்று, செய்தியும் அமானிதமே. இணையச் செயலியை உருவாக்கும் இளைஞர், எளியோர் ஒருவரின் பணத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே கையில் ஏந்தியுள்ளார். அவர் எழுதும் சிறு செய்தி உண்மையாக, உரியவரிடம், உரிய காலத்தில், விளங்கும் தமிழில் சென்று சேருமாயின் அவர் தம் அமானிதத்தை நிறைவேற்றியவராவார்.

நம் கல்லூரிகளில் கணிப்பொறித் துறையும் தமிழ்த் துறையும் வெவ்வேறு கட்டடங்களில் இயங்குகின்றன. ஒரு செயலியின் செய்திப் பட்டியலை நடுவில் வைத்து, இரு துறை மாணவரும் ஒருநாள் அமர்ந்து திருத்துவார்களாயின் கட்டணச் சாளரத்தின் முன் கலங்கி நிற்போர் தொகை குறையும். அத்தகைய நற்பணிக்கு வல்ல இறைவன் துணைபுரிவானாக!